பதினொரு சென்ரிமீற்றர்

போன மாதம் ரவி தொலைபேசி எடுத்தான். இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுக்கும் கொம்பனியில் பத்து வருடம் என்னோடு பெட்டி தூக்கியவன். நான் ஓய்வுபெற்றபின் களஞ்சியத்துக்கு அவன்தான் பொறுப்பு.

"அண்ணை, உங்கட கொப்பியள் இஞ்ச அலுமாரிக்குள்ள கிடக்குது. பதினொண்டு. எறியவோ, வைக்கவோ?"

"ஒண்டையும் எறியாதை. நான் வந்து எடுக்கிறன்."

"இப்ப ஒருத்தரும் எழுதிறேல்லை அண்ணை. ட்ரம்ஸைப் பூட்டி முடிஞ்சவுடன போனில ஒரு படம். அடுத்தநாள் படத்தைப் பாத்துப் பூட்டுறம். அவ்வளவுதான் கதை."

நல்லதுதான். ஆனால் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தால் படத்தில் தெரியாது. கொப்பியில் தெரியும். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பதினான்கு மாதம் நான் வாய் திறக்கவில்லை. ஏழாவது கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து ஒரு கிழமை ஆகிறது. அதில் இருப்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தொழிற்பயிற்சி என்று எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் மூன்று வருடம் சங்கிலி பிடித்தேன். அளவையாளர் தூரத்தைச் சத்தமாகச் சொல்லுவார். நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதவேண்டும். இரண்டு வாயிலும் ஒரே எண் வந்தால்தான் அது அளவு. ஒரு வாயில் வந்தது வெறும் எண். அகதியாக மொன்ட்ரியாலுக்கு வந்து, டோர்வலில் ஆறு வருடம் விமானப் பொதிகள் ஏற்றி, முழங்கால் பழுதான பிறகு இந்தக் கொம்பனிக்கு வந்தேன். ட்ரம்ஸ் பூட்டுவதை, அதாவது துண்டு துண்டாகப் பொருத்தி நிறுத்துவதை, கழற்றிக் கழற்றிப் பழகினேன். பழகிய நாளிலிருந்து ஒவ்வொரு வாத்தியக்காரருடைய அளவுகளையும் கொப்பியில் எழுதினேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல ஆள் என்றால் அவன் செய்தது வாசிப்பவருக்குத் தெரியக்கூடாது. கதிரை சரியாக இருக்கவேண்டும், ஆனால் யாரோ சரியாக்கினார்கள் என்ற நினைவு வரக்கூடாது. இந்த வழக்கத்தை நான் மிக நன்றாகக் கற்றுக்கொண்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

லூசியன் பிரான்ஸ்காரர். ஜாஸ் ட்ரம்ஸ் வாசிப்பவர். லியோன் நகரத்துக்கு வெளியே பிறந்தவர். தகப்பன் ரயில்வேயில் சிக்னல் போட்டவர். இராணுவச் சேவைக் காலத்தில் அணிவகுப்புக்கு மேளம் அடித்து, பிறகு பாரிஸில் நிலவறைக் கிளப்புகளில் ஒன்பது வருடம் மற்றவர்களுக்குப் பின்னால் இருந்து வாசித்து, எழுபதுகளில் மூன்று கிழமைக்கு என்று மொன்ட்ரியாலுக்கு வந்தார். வந்த கிளப் இரண்டாவது கிழமையே பூட்டப்பட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு காரணம் சொல்லுவார்: ஒரு பெண், ஒரு நாய், ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் கிடைத்த ஒரு வீடு. அந்த வீட்டில்தான் தனியாக இருந்தார். அவரிடம் நான் போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு. பியானோ, பேஸ், ட்ரம்ஸ் என்று மூவர் குழு. ஆள் உயரத் தந்திவாத்தியமான பேஸை வாசித்தவர் ஒடீல் என்ற பெண், கியூபெக்காரி.

லூசியனுடைய ட்ரம்ஸ் எங்கள் களஞ்சியத்தில் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு ஒத்திகை. பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடத்தின் நான்காம் மாடி. சாமான் ஏற்றும் லிப்ட் குளிர்காலத்தில் இரண்டு தடவை அமத்தினால்தான் நகரும். நான் எட்டரைக்குப் போய்க் கம்பளத்தை விரித்து, பெரிய பெட்டியின் மூடியைத் திறப்பேன். மூடியின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். அவருடைய கையெழுத்தில், நீல மையில், பாரிஸில் அவரே கண்டுபிடித்த அளவுகள். ஸ்டூலின் உயரம், பெடலின் தூரம், எல்லாவற்றுக்கும் மேலாக வலப்பக்கத்துப் பெரிய சிம்பலின் இடம். ஜாஸ் ட்ரம்ஸில் அந்த வெண்கலத் தட்டுத்தான் மூச்சு. பாட்டு முழுவதும் வலக்கை அதில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டூலின் நடுவிலிருந்து அதன் நடுவுக்கு எண்பத்தொரு சென்ரிமீற்றர். ரேப் என்று நாங்கள் சொல்லும் அளவுநாடாவால் நான் மூன்று தடவை அளப்பேன்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க அவர் வருவார். சப்பாத்தைக் கழற்றி, மெல்லிய தோல் சப்பாத்தைப் போடுவார். என்னைப் பார்க்கமாட்டார். ஸ்டூலில் இருந்து, கண்ணை மூடி, வலக்கையில் குச்சியை எடுத்து நீட்டுவார். சிம்பலில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு ஒரு இடம் உண்டு. வருடக்கணக்காக அடித்து மினுங்கிப்போன இடம். குச்சியின் நுனி கண்மூடியபடியே அங்கே போய் விழுந்தால், கண்ணைத் திறந்து, "போன்ஜூர், அந்துவான்" என்பார். போன்ஜூர் என்பது பிரெஞ்சில் காலையில் சந்தித்தவுடன் சொல்லும் வணக்கம். என் பெயர் அன்ரன். அவர் வாயில் அந்துவான். விழாவிட்டால் போன்ஜூர் இல்லை. "திருப்பி அளவுங்கோ" என்பார். (அவர் பேசியது பிரெஞ்சுதான். எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன். அதற்கும் ஒரு நக்கல் வைத்திருந்தார்: "உங்கட பிரெஞ்சு வட மொன்ட்ரியால் பஸ்ஸுக்குள்ள படிச்ச பிரெஞ்சு, அந்துவான். நடுவில நடுவில பிரேக் பிடிக்குது.")

எனக்கு முன் இருந்தவன் ஸ்டூலைக் கேட்காமல் உயர்த்தினான் என்று ஒரே நாளில் அனுப்பிவிட்டார். முதல் நாளே எனக்கும் சொன்னார்: "நான் சிம்பலிட்டப் போவன். சிம்பல் என்னட்ட வரக்கூடாது. அது வரத் தொடங்கினால் நான் வாசிக்கிறது நிண்டுபோச்சு எண்டு அர்த்தம்."

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்கு முந்திய அந்த அரை நிமிடம் மட்டும் குச்சியின் நுனியைவிட்டுக் கண் எடுக்கமாட்டேன்.

2004 பெப்ரவரியில் ஒரு செவ்வாய். குச்சி நுனி இடத்துக்கு ஒரு விரல் முன்னால் விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார்.

"திருப்பி அளவுங்கோ."

அளந்தேன். எண்பத்தொன்று.

"அப்ப கம்பளம் இழுபட்டிருக்கும்," என்றார். கம்பளம் இழுபடவில்லை. அன்று போன்ஜூர் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. அவர் முகம் இறுகியிருந்தது. என்னைத்தான் சந்தேகிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு முன் இருந்தவனை நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் எண்பதில் வைத்தேன். நுனி இடத்தில் விழுந்தது.

"போன்ஜூர், அந்துவான். பாத்தீங்களோ, கம்பளம்தான்."

அன்று மாலை கொப்பியில் எழுதினேன்: சிம்பல் 80. தாளில் 81. காரணம் எழுதவில்லை.

ஏப்ரலில் எழுபத்தொன்பது. ஜூனில் எழுபத்தெட்டும் பாதியும். அவர் தோளைத் தூக்குவது குறைந்தபோது சிம்பலின் உயரத்தையும் இறக்கினேன். கம்பளத்தில் ஒட்டியிருந்த நிறநாடாக் குறிகளை அப்படியே விட்டேன். அவர் பார்த்தாலும் பிடிபடாமல், சிம்பல் தாங்கியின் மூன்று காலில் ஒன்று குறியில் நிற்கும்படி திருப்பிவைக்கத் தெரிந்துகொண்டேன். இதைக் கதவைப் பார்த்துக்கொண்டே செய்வேன். ஆனால் போன்ஜூர் கிடைத்தது. கோடையில் திறந்தவெளி மேடையில் பட்டப்பகலில் வாசித்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் பின்னால் நின்று எண்ணியதெல்லாம் அவர் எத்தனை தடவை உடம்பைச் சாய்த்தார் என்பதைத்தான்.

நவம்பரில் காலும் சேர்ந்தது. பெரிய ட்ரம்மைக் காலால் அடிக்கும் பெடலில் ஒரு ஸ்பிரிங் உண்டு. இறுக்கினால் கால் கூடுதலாக உழைக்கவேண்டும், தளர்த்தினால் குறைய. அடி பிந்தி விழுவதுபோல் எனக்குக் கேட்டது. அரைச் சுற்றுத் தளர்த்தினேன். அடி நேரத்துக்கு விழுந்தது. அவர் அதை உணரவேயில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பதற்கு இல்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சமையலறை மேசையில் கொப்பியை விரித்திருந்தேன். என் மனைவி ஜெசி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். தேத்தண்ணி வைக்க வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"இதென்ன, எண்பது, எழுபத்தெட்டு, எழுபத்தஞ்சு? சிம்பல் நடந்து வருதோ?"

"அவருக்குக் கை எட்டுதில்லை. நான் கிட்ட வைக்கிறன்."

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

தேத்தண்ணியை வைத்துவிட்டு இருந்தாள். "எங்கட இல்லத்தில சாப்பாட்டுக் கோப்பையைக் கிட்டக் கிட்ட வைக்க விடமாட்டினம். கிட்ட வைச்சால் கை எட்டேல்லை எண்டது ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும். அதால ஒரே இடத்தில வைச்சிட்டுப் பாக்கிறது. எட்டேல்லை எண்டால் டொக்டரைக் கூப்பிடுறது. உங்களுக்கென்ன விசரே?"

"சொன்னால் அனுப்பிப்போடுவார்."

"வேலை போகுமெண்டு பயமோ, அந்த மனுசன்ர முகத்தைப் பாக்கப் பயமோ?"

"ரெண்டும்."

"ரெண்டில பெரிய பயம் எது எண்டும் அளந்து எழுதுங்கோவன்," என்று சொல்லி எழும்பிப் போனாள்.

அடுத்த செவ்வாய் சொல்லிவிடுவது என்று போனேன். நுனி இடத்தில் விழுந்தது. "போன்ஜூர், அந்துவான்." சொல்லவில்லை. இப்படி எத்தனை செவ்வாய் என்று கொப்பியில் எண்ணலாம். எண்ணிப் பார்த்தேன். இங்கே எழுத விருப்பமில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. மூன்று நாள் லீவு எடுத்தேன். ஜூனில் இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு இருந்ததால் அந்த லீவுக்குள் வந்த சனிக்கிழமையும் லூசியன் ஒத்திகை வைத்திருந்தார். ரவி பூட்டுவதாக ஏற்பாடு. அவனிடம் எழுபது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான். அவனிடம் வாயைத் திறந்து மூடினேன். அவ்வளவு காலம் மறைத்ததை அவனிடம் முதலில் சொல்ல மனம் வரவில்லை.

தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் ஏணியில் நின்று கடதாசிப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். பத்தரைக்குத் தொலைபேசி.

"அண்ணை, கெதியா வாங்கோ. மனுசன் என்னைக் கொல்லப்போறான்."

"என்ன நடந்தது?"

"குச்சி சிம்பலில படேல்லை, அண்ணை. வெறுங்காத்தில அடிச்சுக் கீழ விழுந்திட்டுது. பிழையாப் பூட்டினனெண்டு கத்தினார். நான் தாளைப் பாத்துத்தான் பூட்டினன் எண்டன். ரேப்பைப் பறிச்சு அவரே அளந்தார். எண்பத்தொண்டு, சரியா. ரெண்டாந்தரமும் அளந்தார். இப்ப ஒண்டும் கதைக்கிறாரில்லை. அதுதான் பயமாக் கிடக்குது."

ஏணியிலிருந்து இறங்கியது நினைவில்லை. காரில் பதினைந்து நிமிடம்.

லூசியன் ஸ்டூலில் இருந்தார். மடியில் ரேப். ஒடீல் பேஸை அணைத்தபடி நின்றார். பியானோக்காரர் வெளியே போயிருந்தார். ரவி சுவரோடு ஒட்டி நின்றான்.

"இவரிட்ட மன்னிப்புக் கேட்டிட்டன்," என்றார் லூசியன், ரவியைக் காட்டி. "ஒரு மில்லிமீற்றர் பிழையில்லை. அப்ப இவ்வளவு நாளும் பிழையாப் பூட்டினது ஆர், அந்துவான்?"

"நான்தான்."

"எவ்வளவு?"

"பதினொரு சென்ரிமீற்றர்."

ஒடீலின் வாயிலிருந்து தேவாலயத்தில் மட்டும் சொல்லவேண்டிய ஒரு சொல் வந்தது. கியூபெக்காரர் அதைத்தான் தூஷணமாக வைத்திருக்கிறார்கள்.

"எவ்வளவு காலமா?" என்றார் லூசியன்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். தாங்கக்கூடிய ஒரு எண்ணைத் தேடினேன்.

"ரெண்டு மாசம்."

அவர் தலையை ஆட்டினார். "ஓம். ரெண்டு மாசமாத் தோள் கொஞ்சம் பிடிக்குது. உங்களை அனுப்பவேணும். ஆனால் நீங்கள் அளவில பொய் சொல்லுற ஆளில்லை. முதல்ல என்னை டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ. எனக்கு இண்டைக்குக் கார் ஓட்ட மனமில்லை."

அன்று டொக்டர் கிடைக்கவில்லை. மகளின் முதல் நன்மைப் படங்கள் எல்லாவற்றிலும் நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பத்து நாள் கழித்து வைத்தியசாலையில் இடம் கிடைத்தது. கொப்பியை ஏன் பைக்குள் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. வைத்தேன், எடுத்தேன், திருப்பி வைத்தேன்.

டொக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். உச்சரிப்பு விளங்காவிட்டால் உதவி செய்யச் சொல்லி லூசியன் என்னையும் உள்ளே வரச் சொன்னார். அவர் பிரான்ஸ்காரர், டொக்டர் கியூபெக்காரி, நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்போம்.

டொக்டர் அவரிடம் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், தோளை அமத்தினார்.

"எப்ப தொடங்கினது?"

"ரெண்டு மாசம்," என்றார் லூசியன். "அண்ணளவாச் சொல்லேல்லை, மடாம். இவர் அளந்து வைச்சிருக்கிறார். இவர் என்ர அளவுகாரர்."

"உங்கட தொழிலுக்கும் வயசுக்கும் தோள் நரம்பு பிடிக்கிறது வழமை. மூண்டு மாசம் பயிற்சி செய்யுங்கோ. குறையாட்டில் திருப்பி வாங்கோ."

"ஜூனில ஒலிப்பதிவு இருக்கு."

"கொஞ்சமாக் குறைச்சு வாசியுங்கோ."

டொக்டர் கடதாசியில் எழுதத் தொடங்கினார். பேனா ஓடிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். பாதி எழுதிவிட்டார். கையெழுத்துப் போட்டால் நாங்கள் எழும்பவேண்டும், கதவுக்கு வெளியே போகவேண்டும், லூசியன் மூன்று மாதம் வீட்டில் தோளைச் சுழற்றவேண்டும், நான் செவ்வாய்க்கிழமை பெடல் ஸ்பிரிங்கை இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்தவேண்டும். கோப்பையைக் கிட்டக் கிட்ட வைக்கக்கூடாது என்று ஜெசி சொன்னது நினைவுக்கு வந்தது.

"மடாம், ரெண்டு மாசம் இல்லை."

இருவரும் திரும்பினார்கள்.

"பதினாலு மாசம். கை மட்டுமில்லை. காலும்."

கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். தமிழ் எழுத்தைக் கண்டு டொக்டர் நிமிர்ந்தார். எண்களைக் கண்டதும் கதிரையை இழுத்துக்கொண்டார். பெப்ரவரியிலிருந்து பக்கம் பக்கமாக விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். நவம்பர்ப் பக்கத்தில் டொக்டருடைய விரல் என் விரலை நிறுத்தியது.

"இது என்ன?"

"பெடல் ஸ்பிரிங். அரைச் சுற்று."

"எந்தக் கால்?"

"வலது. இப்ப மொத்தமா ஏழு சுற்று."

பேனாவை மூடினார். எழுதிய கடதாசியைக் கிழித்துப் போட்டார். லூசியனைச் சப்பாத்தைக் கழற்றி மேசையில் ஏறி இருக்கச் சொன்னார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் ஒரு உதை உதைத்தது, டொக்டரே பின்வாங்கினார். ஒரு திறப்புச் சாவியின் நுனியால் உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் கீழே வளையாமல் மேலே எழும்பியது. பிறகு ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். லூசியன் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். மூன்றாவது அடியில் மேசை விளிம்பைப் பிடித்தார். சிரிப்பு நின்றது.

"தோள் இல்லை," என்றார் டொக்டர். "கழுத்து. கழுத்துக்குள்ள முள்ளந்தண்டு நரம்பு நசிபடுது எண்டு நினைக்கிறன். இந்தக் கிழமைக்குள்ள ஸ்கான் எடுக்கவேணும். பயிற்சி ஒண்டும் செய்யவேண்டாம்."

காரில் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பாலத்தில் வாகன நெரிசல். ஆறு கீழே கிடந்தது. லொங்குய் பக்கம் இறங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"கையின்ர கதையை விடுங்கோ. கை பிடிக்குது எண்டு எனக்குக் கொஞ்சம் தெரியும். கால்?" என்றார். "என்ர கால் என்ன செய்யுதெண்டு எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன், அந்துவான்."

வீட்டு வாசலில் இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"செவ்வாய்க்கிழமை வரவேண்டாம்."

மே மாதக் கடைசியில் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒலிப்பதிவு நிறுத்தப்பட்டது. கொம்பனி என்னை வேறு குழுக்களுக்கு அனுப்பியது. விவரங்களை ஒடீல்தான் தொலைபேசியில் சொன்னார்: நோய் இனி அதிகமாகாது, ஆனால் கை காலில் போனதில் எவ்வளவு திரும்பும் என்று யாராலும் சொல்லமுடியாதாம்.

"ஒரு வருசம் முந்திப் போயிருந்தால்?" என்று கேட்டேன்.

"அவர் அதைக் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. நீங்களும் கேக்காதேங்கோ."

கேட்கவில்லை. ஆனால் எட்டு மாதம் அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன், பெட்டி தூக்கினேன், சாப்பிட்டேன். வேலையில் ஒன்று மாறியது. யாருக்குப் பூட்டினாலும், அரைச் சென்ரிமீற்றர் நகர்த்தினாலும், அளவைச் சத்தமாகச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொன்னபிறகுதான் எழுதினேன். இளம் வாத்தியக்காரர் சிரித்தார்கள். ஒருவர் எனக்குக் காது கேட்கவில்லை என்றே முடிவுகட்டி உரத்துக் கத்தத் தொடங்கிவிட்டார்.

2006 பெப்ரவரியில், பனி கொட்டிய ஒரு காலை, தொலைபேசியில் லூசியனே வந்தார்.

"செவ்வாய் வாங்கோ. தாளைப் பாத்துப் பூட்டுங்கோ. தாளை மட்டும்."

எட்டரைக்குப் போனேன். எண்பத்தொன்றில் வைத்தேன். பெடல் ஸ்பிரிங்கை ஏழு சுற்றும் திருப்பி இறுக்கினேன். மூன்று தடவை அல்ல, ஆறு தடவை அளந்திருப்பேன். அவர் ஊன்றுபொல்லோடு வந்தார். மெலிந்திருந்தார். தோல் சப்பாத்தைப் போட நெடுநேரம் எடுத்தது. உதவப்போன என்னைக் கண்ணால் நிறுத்தினார். ஸ்டூலில் இருந்து, கண்ணை மூடி, கையை நீட்டினார். குச்சி காற்றில் நின்றது. சிம்பலுக்கு வெகுதூரம். நான் என்னையறியாமல் ஒரு அடி முன்னால் போனேன்.

"கையைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ, அந்துவான்," என்றார் கண்ணைத் திறக்காமல்.

அன்று தொடங்கிப் பத்துக் கிழமை, செவ்வாயும் வெள்ளியும், நான் செய்த வேலை அதுதான். பூட்டுவேன், சுவரோரம் கதிரையில் இருப்பேன், கை இரண்டையும் பொக்கற்றுக்குள் வைப்பேன். அவர் கையை நீட்டுவார். எட்டாது. திரும்ப நீட்டுவார். குச்சி விழும்; பொல்லை ஊன்றிக் குனிந்து தானே எடுப்பார். என் இருபது வருட வேலையில் அதைவிடக் கடினமாக எதையும் செய்ததில்லை. பொக்கற்றுக்குள் விரல்கள் தாங்கியின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தன. பார்த்துக்கொண்டிருந்த ஒடீல் ஒருநாள் சொன்னார், "உங்கள் ரெண்டு பேரில ஆருக்குச் சத்திரசிகிச்சை நடந்ததெண்டு தெரியேல்லை."

கிழமைக்குக் கிழமை கை கொஞ்சம் கொஞ்சமாகச் சிம்பலுக்குக் கிட்டப் போனது. ஏப்ரல் கடைசியில் போவது நின்றது. நான்கு ஒத்திகை, ஒரே இடம். நான் கண்ணாலேயே அளந்துவிட்டேன், ஆனால் வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை அளவு சொல்லவேண்டியவர் நான் இல்லை.

ஐந்தாவது ஒத்திகை, ஒரு வெள்ளி. வந்ததிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குமேல் நீட்டிப் பார்த்தார். பிறகு குச்சியை மடியில் வைத்தார்.

"அந்துவான், ரேப்."

கொடுத்தேன். பொல்லைச் சாய்த்துவைத்துவிட்டு எழும்பினார். தாங்கியின் திருகைத் தானே தளர்த்தினார், இடக்கையால்தான் முடிந்தது. சிம்பலைத் தன் பக்கம் இழுத்தார். இருந்து பார்த்தார், எழும்பி இன்னும் கொஞ்சம் இழுத்தார். ரேப்பின் ஒரு முனையை ஸ்டூலில் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்.

"எழுபத்தாறு," என்றார்.

"எழுபத்தாறு," என்றேன்.

"அஞ்சு சென்ரிமீற்றர் அது வரட்டும். மிச்சத்துக்கு நான் போறன்."

பெட்டியின் மூடிக்குப் போய், பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து தாளை எடுத்தார். பேனா கேட்டார். எண்பத்தொன்றை ஒரு கோட்டால் வெட்டினார். பக்கத்தில் புது எண்ணை எழுத நெடுநேரம் எடுத்தது. ஏழு ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்திருந்தது. தாளைத் திரும்ப உறைக்குள் வைத்துவிட்டு, ஸ்டூலில் வந்து இருந்தார். கண்ணை மூடினார். குச்சியை நீட்டினார்.

நுனி, மினுங்கிப்போன அந்த இடத்தில் விழுந்தது.

"போன்ஜூர், அந்துவான்."

"இப்ப பதினொண்டரை," என்றார் ஒடீல் பின்னாலிருந்து.

நான் பொக்கற்றுக்குள்ளிருந்து கையை எடுத்து, கொப்பியை விரித்து எழுதினேன்: சிம்பல் 76. தாளில் 76. நகர்த்தியவர் லூசியன்.